வாடகைப்படி யாருக்கு?

ஊருக்கு ஊர் செலவு வேறுபடும் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாததல்ல. நன்றாகவே தெரியும்! மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப்படியைப் பாருங்கள். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதால், 2024 ஜனவரி முதல் எக்ஸ், ஒய், இசட் நகரங்களுக்கு அது முறையே 30, 20, 10 சதவீதம் ஆனது. அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய் என்றால் சென்னையில் 5,400, கோவையில் 3,600, தஞ்சாவூரில் 1,800.

இந்தப் பிரிவினையும் வாடகையைப் பார்த்துச் செய்ததல்ல, தலையை எண்ணிச் செய்தது. மக்கள்தொகை 50 லட்சம் இருந்தால் எக்ஸ், 5 லட்சத்துக்குக் கீழே போனால் இசட். ஊட்டியில் சீசன் நேரத்தில் வீடு தேடியவரைக் கேட்டால் இந்தக் கணக்கின் லட்சணம் புரியும்.

சரி, அது போகட்டும். அதே அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன வழி? குறைந்தபட்சக் கூலியிலும் ஏ, பி, சி என்று ஊர்ப் பிரிவு உண்டுதான். ஆனால் வாடகைப்படி என்று தனியாகப் பெரும்பாலும் ஒரு பைசா கிடையாது. அந்தக் கூலிக்குள் சென்னையில் குடும்பத்தோடு ஓர் அறை எடுத்துப் பாருங்களேன்! கட்டுப்படியாகாமல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிறார்கள். அங்கே வாடகை குறைவு, சீசன் டிக்கெட்டும் மலிவு, பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. விடியுமுன் சோறு கட்டி, நின்றுகொண்டே சென்ட்ரல் வந்து, இரவில் திரும்பும் அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

படி வாங்குபவர் ஊருக்குள் இருக்கிறார். வாங்காதவர் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்.