மேலேறாத எண்ணெய்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணும் கனவான்கள் பலர், இயந்திரத்தின் மேற்பாகத்தில் எண்ணெய் வற்றக் கண்டால், வெளியே ஒரு செப்புக் குழாயைப் பூட்டி, அத்துடன் வேலை முடிந்ததென்று மகிழ்கின்றனர். இவ்வுபாயத்தை நாம் ஒப்புவதற்கில்லை.

அமெரிக்காவில் போர்டு கம்பெனியார் 1954-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிற் புகுத்திய ‘ஒய்-பிளாக்’ என்னும் எட்டு சிலிண்டர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் 1932 முதல் 1953 வரை அவர்கள் தம் வண்டிகளில் வைத்த வி-8 இயந்திரத்தில் வால்வுகள் பிளாக்கினுள்ளேயே அமைந்திருந்தமையால், தலைப்பாகத்துக்கு எண்ணெய் ஏற்றும் கவலையே இருந்ததில்லை. புதியதில் வால்வுகள் தலைக்கு ஏறின. அவற்றை இயக்கும் 16 ராக்கர்களுக்கும் எண்ணெய் வேண்டியதாயிற்று. பம்பிலிருந்து புறப்படும் எண்ணெய், காம் ஷாப்டின் நடு பேரிங்கை அடைந்து, அங்கிருந்து இரு கிளையாகப் பிரிந்து, குறுகிய துளைகளின் வழியே மேலேறி, உள்ளீடற்ற ராக்கர் தண்டினுள் புகுதல் வேண்டும். கடைமடைக்கு நீர் பாயும் கதைதான். அக்காலத்து எண்ணெய்களிற் பல, அழுக்கைத் தம்முள் ஏந்திச் செல்லும் மருந்து கலவாதவை. ஆதலின் கசடு துளைகளிலே படிந்து இறுகிற்று.

இதில் மோசம் செய்வது அழுத்தமானி. அது பிரதான வாய்க்காலின் அழுத்தத்தையே காட்டும். மேலே ராக்கர்கள் காய்ந்து கிறீச்சிட்டுத் தேயும்போதும் முள் தன் இடத்தில் நிமிர்ந்தே நிற்கும்! ஓட்டுபவரும் முள்ளையே நம்புவார். இயந்திரம் சூடேறி மெதுவாக ஓடுகையில் ராக்கர் மூடியைக் கழற்றிக் கண்ணால் காண்பதே தக்கது. ஒரு பக்கம் மட்டும் வறண்டிருப்பின், அப்பக்கத்துத் துளையோ தண்டோ அடைபட்டிருத்தல் கூடும். இரு பக்கமும் வறண்டிருப்பின் நடு பேரிங்கின்மேல் ஐயங்கொள்ளல் வேண்டும்.

தண்டைக் கழற்றி, முனையடைப்புகளை நீக்கி, கம்பியும் மண்ணெண்ணெயும் கொண்டு துளைதோறும் சுத்தம் செய்வது பொறுமையுள்ள எவர்க்கும் இயலும். தேய்ந்த தண்டாயின் மாற்றிவிடவேண்டும். இல்லையேல் அருகிலுள்ள ராக்கர்களிலேயே எண்ணெய் ஒழுகிப்போய், கோடியிலுள்ளவை பட்டினி கிடக்கும். வர்ணப்பூச்சுக்கும் குரோமிய மெருகுக்கும் கணக்கின்றிச் செலவிடுவோர் இவ்வேலைக்கு மட்டும் சோம்புவதேன் என்பது நமக்கு விளங்கவில்லை.

வெளிக்குழாயோ, பிரதான வாய்க்காலிலிருந்து நேரே எண்ணெயைப் பறித்து, அளவின்றி மேலே கொட்டுகிறது. மிகுந்த எண்ணெய் வால்வுத் தண்டுகளின் ஓரமாகக் கசிந்து நீலப்புகையாகிறது. அடைப்பும் தேய்வும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நடு பேரிங்கே கெட்டிருப்பின் இயந்திரத்தை இறக்கிப் பிரித்தாகவேண்டும். பொருள் முடையுள்ளார்க்கு அஃது எளிதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. அன்னார் குழாயைப் பூட்டட்டும். ஆனால் அதன் வாயிற் சிறு துளையுள்ள அடைப்பான் ஒன்றை வைத்து, பாயும் அளவைக் குறைத்துப் பூட்டட்டும். மூடியை அவ்வப்போது திறந்து பார்க்கட்டும். வண்டியைப் பின்னர் விற்க நேர்ந்தால், அக்குழாய் எதற்காக வந்ததென்பதை வாங்குபவரிடம் மறையாது சொல்லட்டும்.