டாக்டர் ஐயா, பேனா எடுங்க!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பல தேசம் சுற்றி வந்த டாக்டர் யாராவது கதை எழுத உட்கார்ந்தால், "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்க நாலு பேர் வருவார்கள்.

அதற்குப் பதில் ஆண்டாள் போய்ச் சேர்ந்த ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. அங்கே 1880-ல் பிறந்தவர் டாக்டர் தி.சே.சௌ. ராஜன். பர்மாவில் வைத்தியம் பார்த்தார். லண்டன் போய்ப் படித்தார். 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியதே திருச்சியில் இவர் வீட்டிலிருந்துதான். 1937-ல் சுகாதார மந்திரி. இவ்வளவுக்கும் பிறகு, 60 வயதைத் தாண்டித்தான் 'நினைவு அலைகள்' எழுதினார். தமிழில்!

மருந்துச் சீட்டு ஒரு வாரத்தில் குப்பைக்குப் போகும். புத்தகம் பேரன் கையிலும் இருக்கும். கண்ட ஊரும் கேட்ட கதையும் டாக்டரோடு போய்விட்டால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான். கதையோ, கட்டுரையோ, எழுதுங்க ஐயா!