‘டிஸ்க் ஃபுல்’ என்றதும் அழிக்க ஓடாதீர்கள்

கைப்பேசியில் இடம் தீர்ந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? குடும்பமே சோபாவில் உட்கார்ந்து படம் அழிக்கும். காலை வணக்கப் பூக்கள் முதலில் போகும். பிறகு யாரோ அனுப்பிய சமையல் காணொளிகள். அதற்கும் போதாவிட்டால் பிள்ளையின் பள்ளி விளையாட்டுப் போட்டி, பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் என்று கை நீளும். இந்தப் பழக்கத்தோடு லினக்ஸ் சர்வர் முன்னால் உட்காருபவர்களும் இருக்கிறார்கள். அங்கே அழிப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். பல நேரங்களில் அது தேவையே இல்லை.

வானொலி அறிவிப்பாளருக்கு லினக்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். ஒலிக்கு எவ்வளவு இடம் வேண்டும் தெரியுமா? நல்ல தரத்தில், அதாவது விநாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட், ஸ்டீரியோ என்ற கணக்கில் சுருக்காமல் பதிவு செய்தால், ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபிக்குச் சற்று மேல். அதையே 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 58 எம்பிக்குள் அடங்கிவிடும். ஆனால் சுருக்கியபோது தொலைந்த ஒலி திரும்பி வராது. நேயருக்குப் போய்ச் சேர எம்பி3 போதும். காலத்துக்கும் வைத்திருக்க வேண்டியதற்கு மூலப் பதிவுதான் வேண்டும்.

எங்கள் நண்பர்கள் வட்டம் சில ஆண்டுகளாக தண்ணீர்மலைத் தைப்பூசத்தை ஒலியாகச் சேர்த்து வருகிறது. பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவது, வழியெல்லாம் தேங்காய் உடைபடுவது, தண்ணீர்ப் பந்தல்களின் பாட்டுச் சண்டை, இவற்றோடு வாட்டர்ஃபால் சாலையை ஐம்பது அறுபது ஆண்டுகளாகப் பார்த்தவர்களின் பேச்சும் உண்டு. அப்படிப் பேசியவர்களில் மூவர் இன்று இல்லை. எல்லாம் வாடகைக்கு எடுத்த ஒரு விர்ச்சுவல் மெஷினில் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் ஒரு தம்பி.

தேர் புறப்படுவதற்கு முந்தின மாலை பதிவேற்றிப் பார்த்தபோது ‘இடமில்லை’ என்று வந்தது. குழுவில் உடனே யோசனைகள் குவிந்தன. “பழைய பேட்டியெல்லாம் எம்பி3 இருக்குதானே, மூலத்தை அழிச்சிடலாமே” என்றார் ஒருவர். தம்பி ஒரே வரியில் பதில் போட்டார்: “அக்கா, யாரும் எதையும் தொடாதீங்க. பத்து நிமிஷம்.”

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன்; இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்.

முதல் கட்டளை ‘டிஎஃப் -எச்’. ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு பெரிது, எவ்வளவு நிரம்பியது என்று காட்டும். எங்கள் கணினிக்கு இருந்தது 120 ஜிபி. அமைப்புக்கு 30, பதிவேடுகளுக்கு, அதாவது லாக் கோப்புகளுக்கு 10, ஒலிக்கு 80. ஒலிப் பகுதியில் 76 ஜிபி நிரம்பியிருந்தது. காலி என்று காட்டியது சுழியம். மீதி நான்கு எங்கே? ‘இஎக்ஸ்டி4’ ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 விழுக்காட்டை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவிடும். கணினி முழுதாக மூச்சுமுட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. வெறும் தரவு வைக்கும் பகுதிக்கு அவ்வளவு வேண்டாம், ‘டியூன்2எஃப்எஸ்’ கொண்டு குறைத்துக்கொள்ளலாம். அந்த நான்கு ஜிபியை வைத்து இரவை ஓட்ட முடியாது என்பதால் தம்பி அதைத் தொடவில்லை.

அடுத்து ‘டியூ’. இது கோப்புகளைக் கூட்டிச் சொல்லும். டிஎஃப் சொல்வதும் டியூ சொல்வதும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், யாரோ அழித்த பெரிய கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. ‘எல்எஸ்ஓஎஃப்’ அந்த நிரலைக் காட்டிக்கொடுக்கும்; அதை மறுபடி தொடக்கினால் இடம் திரும்பும். இன்னொரு விசித்திரமும் உண்டு. இடம் தாராளமாக இருக்கும், ஆனால் புதுக் கோப்பு உருவாகாது. கோடிக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்து ‘ஐநோடு’ எண்ணிக்கை தீர்ந்திருக்கும். ‘டிஎஃப் -ஐ’ போட்டால் தெரியும். எங்களுக்கு இந்த இரண்டும் இல்லை. உண்மையாகவே நிரம்பியிருந்தது.

அமைப்புப் பகுதியில் 18 ஜிபியும் லாக் பகுதியில் 7 ஜிபியும் சும்மா கிடந்தன. வீட்டில் ஒரு அறையில் ஆள் நெருக்கம், பக்கத்து அறை காலி என்பது போல. பழைய முறையில் வட்டை நேரடியாகப் பார்ட்டிஷன் போட்டிருந்தால் நடுச்சுவரை இடித்துக் கட்ட வேண்டும். நள்ளிரவில் செய்யத் தகுந்த வேலை இல்லை அது. நல்ல வேளையாக அந்தத் தம்பி ஆரம்பத்திலேயே எல்விஎம் முறையில் அமைத்திருந்தார்.

எல்விஎம் என்பதைப் புரிந்துகொள்ள நாம் வேறெங்கும் போக வேண்டாம். தண்ணீர்மலையின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. தாவரவியல் பூங்கா அருவியின் நீரைப் பிடித்து நகரத்துக்குத் தர 1892-இல் நீர்த்தேக்கம் கட்டினார்கள். ஊர் வளர்ந்தது, அது போதவில்லை. 1962-இல் ஆயர் ஈத்தாம் அணை, 1999-இல் தெலுக் பஹாங் அணை. இன்று பெரும்பகுதி நீர் பெருநிலத்தில் சுங்கை மூடாவிலிருந்து எடுக்கப்பட்டு, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கு வருகிறது. உங்கள் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது இது எந்த ஊற்றின் நீர் என்று கேட்கிறீர்களா? எல்லாம் ஒரு வலையமைப்பில் சேர்ந்துவிட்டது. புது அணை கட்டியபோது யார் வீட்டுக் குழாயையும் பிடுங்கி மாற்றவில்லை.

அணைகள் இருக்கும் இடத்தில் வட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டும் ஒரு பிசிக்கல் வால்யூம். அவை சேர்ந்த பொதுக் கையிருப்பு வால்யூம் குரூப். அதிலிருந்து நமக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுப்பது லாஜிக்கல் வால்யூம். நிரலுக்குத் தெரிவது கடைசியாக உள்ளது மட்டுமே.

இந்த ஏற்பாடு லினக்ஸுக்கு 1998-இல் வந்தது. எழுதியவர் ஹெய்ன்ஸ் மவல்ஸ்ஹாகன். எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸில் இருந்த வால்யூம் மேனேஜரை மாதிரியாக வைத்துக்கொண்டார். 1972-இல் பாயான் லெப்பாஸுக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் எச்பியும் ஒன்று என்பது பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். நம் அம்மாக்களும் சித்திகளும் தொழிற்சாலைப் பேருந்து ஏறிய காலம் அது. (அந்தப் பேருந்துகளைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.)

தம்பி கிளவுட் பக்கத்தில் 100 ஜிபிக்குப் புது மெய்நிகர் வட்டு ஒன்றைச் சேர்த்தார். ‘எல்எஸ்பிஎல்கே’ போட்டு எது புது வட்டு என்று இரண்டு முறை பார்த்தார். தரவு இருக்கும் வட்டில் அடுத்த கட்டளையைப் போட்டால் கதை முடிந்துவிடும் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது. பிறகு ‘பிவிகிரியேட்’: புது வட்டு பிசிக்கல் வால்யூம் ஆனது. ‘விஜிஎக்ஸ்டெண்ட்’: பொதுக் கையிருப்பில் சேர்ந்தது. ‘எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர்’: ஒலிப் பகுதிக்கு 60 ஜிபி போனது. அந்த ‘-ஆர்’ முக்கியம். அதை விட்டால் லாஜிக்கல் வால்யூம் மட்டும் பெரிதாகும். அதற்குள் இருக்கும் ஃபைல் சிஸ்டம் பழைய அளவிலேயே நிற்கும். கணினியை நிறுத்தவில்லை, ஒலிப் பகுதியைக் கழற்றி மாட்டவுமில்லை. மூன்று கருவிகள், பதினாறு மணி நேரம் என்று வைத்தால் எங்களுக்கு வேண்டியது 50 ஜிபி. போதும்.

புது வட்டு சேர்க்காமல் இருக்கும் வட்டையே பெரிதாக்குபவர்கள் இன்னொரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். கிளவுட் பக்கத்தில் 120-ஐ 220 ஆக்கிப் பணமும் கட்டியிருப்பார்கள். உள்ளே வந்து டிஎஃப் பார்த்தால் பழைய கணக்கே இருக்கும். அணை உயர்ந்தது, குழாய்க்குச் செய்தி போகவில்லை. பார்ட்டிஷனை ‘குரோபார்ட்’ கொண்டு நீட்ட வேண்டும், ‘பிவிரீசைஸ்’ மூலம் எல்விஎம்முக்குச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் எல்விஎக்ஸ்டெண்ட். விர்ச்சுவல் மெஷினில் இடம் என்பது பல அடுக்கு. எந்த அடுக்கில் நிற்கிறது என்று பார்க்காமல் மறுபடி மறுபடி வட்டு வாங்கி மாதாந்திரக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

100 வாங்கிவிட்டு ஏன் 60 மட்டும் கொடுத்தார்? நானும் கேட்டேன். “கொடுக்கிறது ஒரு நிமிஷ வேலை அக்கா, திரும்ப வாங்குறதுதான் கஷ்டம்” என்றார். இஎக்ஸ்டி4-ஐச் சுருக்க வேண்டுமானால் அந்தப் பகுதியைக் கழற்றி வைத்துத்தான் செய்ய முடியும். ‘எக்ஸ்எஃப்எஸ்’ என்றால் நடைமுறையில் சுருக்கவே முடியாது; வேறிடத்துக்கு நகலெடுத்து, புதிதாக அமைத்து, திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆகவே யாருக்கும் கொடுக்காத இடம் கையிருப்பில் இருக்கட்டும். நாளை லாக் பகுதி வீங்கினால் அதற்குப் போகும். என் கருத்தில் எல்விஎம்மின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. நிறுவும் அன்றே மொத்தத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டால், அது பெயரளவுக்கு எல்விஎம்.

இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். இடம் கிடைத்துவிட்டது என்பதால் குரல்கள் பத்திரம் என்று ஆகாது. யோசித்துப் பாருங்கள், ஒரு வட்டில் இருந்த ஒலிப் பகுதி இப்போது இரண்டில் பரவிக் கிடக்கிறது. சாதாரண முறையில் சேர்த்தால், இரண்டில் எது போனாலும் அந்தப் பகுதி கெடும். வசதி கூடியது, ஆபத்தும் கூடவே வந்தது.

“ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோமே” என்பார்கள். எல்விஎம் ஸ்னாப்ஷாட் அருமையான ஏற்பாடுதான். ஒரு கணத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும். ஆனால் அது இருப்பதும் அதே பொதுக் கையிருப்பில். கையிருப்பு போனால் அதுவும் போகும். பழைய வகை ஸ்னாப்ஷாட்டுக்கு ஓர் அளவு ஒதுக்குவோம். மூலத்தில் மாற்றங்கள் அந்த அளவைத் தாண்டிவிட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாமல் போய்விடும்.

2017 ஜனவரி 31. பினாங்கில் தங்க ரதம் முதன்முதலாக வீதிக்கு வந்த அந்தத் தைப்பூசத்துக்குச் சில நாள்கள் முன்பு. உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். விநாடிகளில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் எடுக்கப்படுவதாக நம்பிய பேக்கப், கருவியின் பதிப்பு பொருந்தாததால் எடுக்கப்படவே இல்லை. ‘தோல்வி’ என்று சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு, யார் பார்வைக்கும் வராமல் இருந்தன. கடைசியில் காப்பாற்றியது ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷாட். வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒரு முறை எடுப்பது. அன்று ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு ஒரு சோதனைக்காகக் கைப்பட எடுத்திருந்தார்கள். அது சோதனை சர்வருக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்ததால்தான் பயன்பட்டது. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததையெல்லாம் மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், மீட்புப் பணியை நேரலையாகக்கூடக் காட்டினார்கள். அந்த நேர்மைக்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அவ்வளவு பெரிய தளத்துக்கே அந்த நிலை என்றால், நாலு பேர் சேர்ந்து நடத்தும் எங்களுக்கு? தைப்பூசம் முடிந்த அந்த வாரமே மூலப் பதிவுகள் முழுவதையும் ஒரு வெளி வட்டில் நகலெடுத்தோம். அது தீவில் இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு தோழியின் வீட்டு அலமாரியில், துணிகளுக்கு நடுவில் இருக்கிறது. கையிருப்பில் 20 ஜிபிக்குக் கீழ் இறங்கினால் தம்பிக்கும் எனக்கும் குறுஞ்செய்தி வரும். மாதம் ஒரு முறை அந்த வெளி வட்டிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து முழுதாகக் கேட்பது என் பொறுப்பு. போன மாதம் கைக்கு வந்தது வாட்டர்ஃபால் சாலையில் கச்சான் விற்ற ஒரு பாட்டியின் பேட்டி. நாற்பத்திரண்டு நிமிடம். பின்னணியில் யாரோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதுகொண்டே இருக்கிறது. எம்பி3-இல் அந்தக் குரல் இவ்வளவு தெளிவாக இல்லை.