வாத்தியப் பெட்டி: ட்ரம்பெட்டின் வாயை எப்போது மூடணும்?

விருத்தாசலம் பக்கம், நல்லூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாண ஊர்வலம் என்றால் பேண்டு செட் வந்துவிடும். மாப்பிள்ளை வருகிறார் என்பது அடுத்த தெருவில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். அந்த வேலைக்கு ட்ரம்பெட்டை மிஞ்ச ஆள் கிடையாது.

அதே ட்ரம்பெட்காரரை டிசம்பரில் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மரியாளாக நின்று பாடுகிறாள். இவர் ஊர்வலத்தில் ஊதுவதுபோல ஊதினால் முதல் வரியிலேயே அவள் குரல் காணாமல் போகும். அவளும் விடமாட்டாள், கத்த ஆரம்பிப்பாள். மூன்றாவது காட்சிக்குள் தொண்டை கட்டிவிடும். அடுத்த வருஷம், "ட்ரம்பெட் வேண்டாம்பா, கீபோர்டே போதும்" என்று முடிவாகும். ஒருத்தருக்குத் தொண்டை போச்சு, இன்னொருத்தருக்கு வருமானம் போச்சு.

இதற்காகவே இருக்கிறது 'மியூட்'. போனில் இருக்கும் மியூட் பட்டனை அழுத்தினால் சத்தம் மொத்தமும் நின்றுவிடும். ட்ரம்பெட்டின் மியூட் அப்படிச் செய்யாது. ட்ரம்பெட்டின் விரிந்த வாய்க்குள் செருகும் கூம்பு மாதிரியான ஒரு பொருள் அது. சத்தம் ஓரளவு குறையும். அதைவிட முக்கியம், குரலே மாறிவிடும்.

நம்ம ஊர் நாடகத்தில் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள்?

தெருக்கூத்தில் ஊதும் வாத்தியம் முகவீணை. பெயரில்தான் வீணை, பார்த்தால் நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி. சத்தம் சாதுவானது இல்லை, கீச்சென்று காதைத் துளைக்கும். ஆனால், கூத்தாடியின் குரலுக்கு மேலே ஓர் உயரத்தில் அது நிற்கும். பாட்டோடு ஒட்டி வரும், அடி முடிந்த இடத்தில் தலையெடுக்கும். இன்னொரு சூட்சுமம், உட்காரும் இடம். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் எல்லாம் ஆடுகிறவருக்குப் பின்னால் பெஞ்சில். ஜனம் முன்னால். பாடுகிறவர் வாய்க்கும் கேட்கிறவர் காதுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

நாதஸ்வரத்திலும் மியூட் கிடையாது. சுருதியைத் தாழ்த்த வேண்டும் என்று வந்தபோது வாத்தியத்தையே மாற்றினார்கள். உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி இருந்த இடத்துக்கு, நீளமான பாரி நாதஸ்வரத்தைக் கொண்டுவந்தவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

மேல்நாட்டு இசை நாடகங்களில் கணக்கு தலைகீழ். வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் வெட்டிய பள்ளத்தில் இருப்பார்கள். 'பிட்' என்பார்கள். பாடுகிறவரின் குரல் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் ஜனத்திடம் வர வேண்டும். ஜெர்மனியின் பேராய்ட் நகரில் 1876-ல் திறந்த தியேட்டரில் இசையமைப்பாளர் வாக்னர் அந்தப் பள்ளத்தையே மேடைக்கு அடியில் தள்ளி, மேலே மறைப்பும் போட்டுவிட்டார். எல்லாத் தியேட்டரிலும் அதற்கு வழியில்லை. லண்டன் வெஸ்ட் எண்டிலும் நியூயார்க் பிராட்வேயிலும் வாரத்துக்கு எட்டு ஷோ நடப்பது வழக்கம். நம்ம ஏ.ஆர்.ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002-ல் மேடையேறியது அந்த வெஸ்ட் எண்டில்தான். எட்டு ஷோவிலும் கத்திப் பாடினால் எந்தத் தொண்டையும் தாங்காது. அதனால்தான் பிட்டில் உட்காரும் ட்ரம்பெட்காரர் காலடியில் நாலைந்து மியூட் எப்போதும் இருக்கும்.

அதில் எதை, எப்போது?

முதலாவது ஸ்ட்ரெய்ட் மியூட். அலுமினியத்திலோ கெட்டி அட்டையிலோ செய்த கூம்பு, பக்கத்தில் மூன்று கார்க் பட்டைகள். பலர் ஏமாறுவது இங்கேதான். இதைப் போட்டால் சத்தம் குறைந்துவிடும் என்று நினைப்பார்கள். கீழ்ப்பகுதி ஒலிதான் குறையும். கூர்மையான மேல்பகுதி தப்பித்து வெளியே வரும். மூக்கால் பேசுவதுபோல, ஈட்டி மாதிரி ஒலி. பாட்டு வரிகளில் க, ச, ட எல்லாம் தெளிவாகக் கேட்பதும் ஏறக்குறைய அதே கூர்மையான பகுதியில்தான். ஆக, மெதுவாக ஊதினாலும் வார்த்தையைக் கெடுத்துவிடும். வில்லன் வரும்போது, கேலிக்கு, சட்டென்று ஒரு வெட்டுக்கு இதுதான் சரி. தாலாட்டுக்கு வேண்டாம்.

தாலாட்டுக்குக் கப் மியூட். அதே கூம்பின் முனையில் ஒரு கிண்ணம். ட்ரம்பெட்டின் வாயை அந்தக் கிண்ணம் பாதி மூடிக்கொள்ளும், கூர்மை அடங்கும். பல மாடல்களில் கிண்ணத்தை முன்னே பின்னே நகர்த்தலாம்; நெருங்க நெருங்க ஒலி பதுங்கும். புல்லாங்குழல், கிளாரினெட்டோடு சேர்ந்து வரவும் இது நல்ல ஜோடி. பாடகருக்குப் பக்கவாத்தியமாக ஊதப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். கடைக்காரர் ஸ்ட்ரெய்ட்டை எடுத்து நீட்டினாலும் இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹார்மன் மியூட் தனி ரகம். சுற்றிலும் முழுவட்டமாகக் கார்க். காற்று பக்கவாட்டில் தப்பவே முடியாது, மியூட்டுக்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டும். நடுவில் ஒரு சின்னக் குழாய். அதன்மேல் கையை மூடித் திறந்தால் குழந்தை அழுவதுபோல 'வா... வா...' என்று கேட்கும். குழாயைக் கழற்றிவிட்டால் ராத்திரி நேரத் தனிமை மாதிரி தூரத்தில் ரீங்கரிக்கும். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் அடையாளமே அந்த ஒலிதான். ஆனால், ரொம்பச் சன்னம். தனியாக ஒரு மைக் வைக்காவிட்டால் மூன்றாவது வரிசைக்குக்கூடப் போகாது. கீழ் ஸ்வரங்களும் லேசில் பேசாது. மைக் இல்லாத ஹாலில் இதை நம்பி இறங்க வேண்டாம்.

அடுத்தது பிளஞ்சர். இதற்கு வாத்தியக் கடைக்குப் போகவே வேண்டாம். ஹார்டுவேர் கடைக்குப் போகலாம். சிங்க் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணம், கட்டையைக் கழற்றிவிட்டால் மியூட்! ட்ரம்பெட்டின் வாய் சுமார் 12 செ.மீ. அகலம், அதற்குத் தோதான சின்ன சைஸ் போதும், டாய்லெட்டுக்கு வாங்கும் பெரியது ஆகாது. (புதுசாக வாங்குங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.) 1920-களில் டியூக் எலிங்டன் குழுவில் பபர் மைலி இதை வைத்துக்கொண்டு ட்ரம்பெட்டை உறும வைத்தார். நோட்டில் கூட்டல் குறி இருந்தால் மூடு, சுழி இருந்தால் திற.

துணி அல்லது பஞ்சு அடைத்து, வாயின் விளிம்பில் மாட்டும் பக்கெட் மியூட்டும் உண்டு. ஒலி மெத்தென்று வரும். எப்போதாவதுதான் கேட்பார்கள்.

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்காரர்களுக்கு, களிமண்ணில் ஒன்று செய்து சுட்டெடுத்தால் என்ன என்று தோன்றலாம். கனம் ட்ரம்பெட்டின் வாயைக் கீழே இழுக்கும். கைதவறினால் காட்சியே காலி.

கைதவறுவது சின்ன விஷயமும் இல்லை. கதாநாயகி இறந்துபோகும் அமைதியான காட்சியில், பள்ளத்துக்குள் அலுமினிய மியூட் 'டங்' என்று விழுந்தால் அத்தனை தலையும் திரும்பும். அதனால் காலடியில் ஒரு கெட்டித் துண்டை விரித்துவைப்பது பிட்காரர்களின் பழக்கம். நோட் ஸ்டாண்டில் மாட்டும் மியூட் தாங்கியும் கிடைக்கிறது. நேரம் இல்லாத இடத்தில் முழங்கால் இடுக்கில் பிடித்துக்கொள்வார்கள். செருகும் முன் ட்ரம்பெட்டின் வாய்க்குள் 'ஹா' என்று ஒருமுறை சூடாக ஊதி, மியூட்டை வைத்து லேசாகத் திருகினால், அந்த ஈரத்தில் கார்க் கவ்விக்கொள்ளும். புது மியூட் உள்ளே போக மறுத்தால் கார்க்கை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்க்கலாம். கொஞ்சம்தான். அதிகம் தேய்த்தால் புதுக் கார்க் ஒட்ட வேண்டியிருக்கும்.

ஒத்திகையில் கையில் பென்சில் இருக்கட்டும். 'கப் மியூட்' என்று எழுதியிருக்கும் இடத்தில் வட்டம் போடுவதைவிட, அதற்கு நாலு வரி முன்னால் 'எடு' என்று எழுதிவைப்பது உதவும். மியூட்டைக் கழற்றும் இடத்துக்கும் அப்படியே. மாற்ற நேரமே இல்லாமல் இரண்டு தாளத்தில் மாற்றச் சொல்லியிருந்தால், வெட்கப்படாமல் நடத்துனரிடம் கேட்கலாம். சில சமயம் பக்கத்து ட்ரம்பெட்காரர் அந்த இரண்டு ஸ்வரத்தையும் ஊதிக்கொடுப்பார்.

கடைசியாகச் சுருதி. மியூட் போட்டால் பெரும்பாலும் சுருதி லேசாக ஏறும், ஹார்மனில் கூடுதலாக. மேல்நாட்டு பிட்டில் மற்றவர்களும் கொஞ்சம் அனுசரிப்பார்கள். நம்ம ஊரில் பக்கத்தில் இருப்பது ஆர்மோனியம் அல்லது கீபோர்டு. ஆர்மோனியம் யாருக்காகவும் இறங்கி வராது. ட்யூனிங் ஸ்லைடை இத்தனூண்டு வெளியே இழுத்து, மியூட்டைக் கழற்றியதும் மறக்காமல் உள்ளே தள்ள வேண்டும். எவ்வளவு என்பது மியூட்டுக்கு மியூட் வேறுபடும். வீட்டில் போனில் ஒரு ட்யூனர் ஆப் போட்டு ஒவ்வொரு மியூட்டையும் சோதித்து, அளவைப் பென்சிலால் அதன் மேலேயே குறித்துவைக்கலாம்.

சாதாரண பி ஃப்ளாட் ட்ரம்பெட்டில் எந்த வால்வும் அழுத்தாமல் ஊதினால் வருவது ஆறரைக் கட்டை. பாட்டு ஐந்து கட்டை என்று ஆர்மோனியக்காரர் சொன்னால் ட்ரம்பெட் நோட்டில் அது 'ஏ'. இதை ஒத்திகையின் முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்டு, மரியாளாக வரும் பெண்ணை ஒருமுறை பக்கவாத்தியம் இல்லாமல் பாடச் சொல்லிக் கேட்ட பிறகு, பெட்டியிலிருந்து எந்த மியூட்டை எடுப்பது என்று பார்க்கலாம்.