காதடைப்பும் கண்மூடி வைத்தியமும்

நம் நாட்டில் ஒருவனுக்குக் காது அடைத்துக் கொண்டால் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. வீட்டுப் பாட்டி ஒரு வைத்தியர்; அடுத்த வீட்டு அம்மாள் ஒரு வைத்தியர்; டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் வைத்தியர்கள். ஒருவர் பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெயைக் காய்ச்சி ஊற்று என்பார். மற்றொருவர் தாய்ப்பால் விடு என்பார். இன்னொருவர் கோழியிறகை விட்டுக் குடை என்பார். வேறொருவர் திருஷ்டி கழித்துக் கயிறு கட்டு என்பார். ஆனால் இவர்களில் ஒருவராவது, "காது எதனால் அடைத்தது?" என்று கேட்பதே இல்லை. காரணத்தைக் கேளாமல் காரியத்தில் இறங்கி விடுவது நம் மக்களுக்கு வெகு நாளைய பழக்கமாய்ப் போய் விட்டது. இந்தப் பழக்கத்தால் எத்தனை பேர் கேட்கும் சக்தியையே இழக்கிறார்கள் என்பதை எண்ணித்தான் இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் காதென்பது என்ன என்று பார்ப்போம். வெளியே தெரிகிற துவாரம் சுமார் ஓர் அங்குல நீளம் உள்ளே போய்ச் செவிப்பறை என்னும் மெல்லிய தோலில் முடிகிறது. அந்தத் தோலுக்கு அப்பால் காற்று நிரம்பிய ஒரு சிறு அறை இருக்கிறது. அதற்கு நடுச்செவி என்று பெயர். அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்திற்கு ஒரு குழாய் போகிறது. 16-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்து விவரித்தவர் இத்தாலி தேசத்து யூஸ்டேக்கி என்பவர். அதனால் அதற்கு யூஸ்டேக்கியன் குழாய் என்றே பெயர். இந்தக் குழாய் சாதாரணமாக மூடியிருக்கும். நாம் எச்சிலை விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து மூடும். வெளிக்காற்றின் அழுத்தமும் உள்ளறைக் காற்றின் அழுத்தமும் ஒன்றாயிருக்கும்படி பார்த்துக் கொள்வதே அதன் வேலை. இதிலே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

உதகமண்டலத்திற்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவ்வூர் கடல் மட்டத்திற்கு மேல் 7000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம்தான். மலை ஏறும்போது உள்ளறைக் காற்று எளிதாய் வெளியேறி விடுகிறது. இறங்கும்போதோ வெளிக்காற்று குழாய் வழியே உள்ளே புக வேண்டும். ஜலதோஷத்தால் குழாய் வீங்கியிருந்தால் அது புக முடிவதில்லை. செவிப்பறை உட்பக்கமாய் இழுபடுகிறது, காது அடைக்கிறது, வலிக்கிறது. இதனால்தான் ஏறும்போது சும்மா இருந்தவர்கள் இறங்கும்போது காதைப் பிடித்துக் கொள்ளுகிறார்கள். ஆகாய விமானத்திலும் இதே கதைதான். விமானத்தின் உள்ளே 6000 முதல் 8000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமமான அழுத்தத்தையே வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள்ளோ இன்னும் கடுமை. 33 அடி ஆழத்திற்குப் போனாலே அழுத்தம் இரட்டிப்பாகி விடுகிறது.

காரணம் தெரிந்து விட்டால் பரிகாரமும் தானே தெரிந்து விடுகிறது. குழாயைத் திறக்கச் செய்தால் போதும். அடிக்கடி எச்சிலை விழுங்கலாம், கொட்டாவி விடலாம், மிட்டாயைச் சப்பலாம். அதிலும் போகாவிட்டால் மூக்கை விரலால் பிடித்துக் கொண்டு ஒரு வாய் தண்ணீரை விழுங்கலாம். இன்னொரு வழி, வாயை மூடி மூக்கைப் பிடித்துக் கொண்டு, மூக்கு வழியே ஊதுவதுபோல் மெதுவாய்க் காற்றை அழுத்துவது. இத்தாலிய வைத்தியர் வால்சால்வா 1704-ல் வெளியிட்ட தம் நூலில் இம்முறையை விவரித்திருப்பதால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. இதில் முக்கியமான சொல் "மெதுவாய்" என்பதுதான். பலங்கொண்ட மட்டும் ஊதினால் செவிப்பறைக்கும் அதற்கப்பாலுள்ள உட்செவிக்கும் கேடு வரும். சளி கட்டியிருக்கும்போது ஊதினால் மூக்கிலுள்ள சீழையும் கிருமியையும் நடுச்செவிக்கு அனுப்பி வைத்ததாகும். இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைச் செய்யலாகாது. விமானம் இறங்கும்போது தூங்கக் கூடாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் அது விழுங்க விழுங்கக் காது திறக்கும். கடும் ஜலதோஷத்தோடு முங்கு நீச்சல் அடிப்பது அறியாமையாகும்.

மூக்கைப் பிடித்து விழுங்கும் முறைக்கு இங்கிலாந்து தேசத்து டாயின்பீ என்னும் காது வைத்தியரின் பெயர் வழங்குகிறது. அவர் முடிவு என்னவாயிற்று தெரியுமா? காதிரைச்சலுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று குளோரோபாரம் ஆவியையும் கொடிய விஷமான புருசிக் அமிலத்தின் ஆவியையும் தாமே இழுத்துச் சோதனை செய்து, அதனால் 1866-ல் மாண்டு போனார். இவ்வளவு படித்தவரே தம் காதில் துணிச்சலான சோதனை செய்து உயிரை விட்டார் என்றால், ஒன்றும் படியாமல் கேள்விப்பட்டதையெல்லாம் காதில் ஊற்றிக் கொள்ளுகிறவர்களின் துணிச்சலை என்னென்று சொல்லுவது?

நிற்க, காது அடைப்பதற்கு இரண்டாவது காரணம் குறும்பி. குறும்பியை அழுக்கு என்று எண்ணுவது முதல் தப்பு. தூசியையும் கிருமியையும் தடுப்பதற்காகக் காதே உண்டு பண்ணிக் கொள்ளும் காவல் பொருள் அது. காதுக்குள்ளிருக்கும் தோல் செவிப்பறையிலிருந்து வெளிவாசலை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்து கொண்டே இருப்பதால், பழைய குறும்பி தானாகவே வெளியே வந்து விழுந்து விடும். இப்படித் தன்னைத்தானே சுத்தம் செய்து கொள்ளும் இயந்திரத்திற்குள் ஊக்கையும் தீக்குச்சியையும் சாவியையும் விட்டுக் குடைகிறோம். நாகரிகம் முதிர்ந்து இப்போது பஞ்சுக் குச்சி வந்திருக்கிறது. அது நுனியிலுள்ள கொஞ்சத்தை எடுத்து, மிச்சத்தைச் செவிப்பறை வரை தள்ளிக் கெட்டிப்படுத்தி விடுகிறது. அக்குச்சிப் பெட்டிகள் பலவற்றின் மேலேயே காதுத் துவாரத்திற்குள் விடக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்களே விட்டுக் குடைவதைப் பார்க்கிறோம். பஸ் நிலையத்தில் கம்பியோடு நின்று, "காது சுத்தம் செய்கிறேன்" என்று கூப்பிடுகிறவர்களிடம் காதைக் கொடுப்பதைப்பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

அப்படியானால் இறுகிப்போன குறும்பிக்கு என்ன செய்வது? காதில் சீழோ, வலியோ, செவிப்பறையில் ஓட்டையோ இல்லாதவர்கள், உடம்பின் சூட்டிலிருக்கும் ஆலிவ் எண்ணெயோ பாதாம் எண்ணெயோ இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் ஒருக்களித்துப் படுக்கலாம். இப்படி நாலைந்து நாள் செய்தால் பெரும்பாலும் இளகி விடும். இளகாவிட்டால் வைத்தியரிடம் போனால் தண்ணீர் பீச்சியோ கருவியால் உறிஞ்சியோ எடுத்து விடுவார். அந்தத் தண்ணீருக்குங்கூடக் கணக்கு இருக்கிறது. உடம்பின் சூட்டுக்குச் சமமாய், அதாவது 37 டிகிரி அளவில் இருக்க வேண்டும். குளிர்ந்த நீரையோ சுடு நீரையோ பீச்சினால் தலை சுற்றும். வியன்னாவில் பாரனி என்னும் வைத்தியர் இதைக் கண்டதோடு விட்டு விடாமல், "ஏன் சுற்றுகிறது?" என்று கேட்டார். உடம்பு நிலை தவறாமல் நிற்பதற்கு உட்செவியே ஆதாரம் என்பதைப்பற்றி அவர் செய்த ஆராய்ச்சிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அதே தலைசுற்றல் நம் ஊரில் வந்திருந்தால் வேப்பிலை அடித்து அனுப்பியிருப்பார்கள். ஏன் என்று கேட்பவனுக்கும் கேளாதவனுக்கும் உள்ள பேதம் இவ்வளவுதான்.

எண்ணெயின் பேரில் நமக்கு விரோதமில்லை என்பது இதிலிருந்து விளங்கும். காதில் பூச்சி புகுந்து துடிக்கும்போது, செவிப்பறை நன்றாயிருந்தால், சில சொட்டு எண்ணெய் விட்டு அதை அடக்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காய்ச்சிய சூட்டோடு ஊற்றுவதும், சீழ் வடியும் காதில் ஊற்றுவதும் நாசத்துக்கே வழி. குழந்தை காதில் பயறோ கடலையோ போட்டுக் கொண்டால் தண்ணீர் விட்டதும் அது ஊறிப் பெருத்து விடும். பொத்தான் போன்ற சிறு பாட்டரியாயிருந்தால் ஒரு சொட்டு நீரும் விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பழசையெல்லாம் தள்ளிவிட்டுப் புதுசையெல்லாம் கொள்ளும்படி நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். மேல்நாட்டிலும் மூடத்தனத்திற்குக் குறைவில்லை. காதில் கூடான மெழுகுவத்தியைச் செருகி மறுமுனையைக் கொளுத்தினால் அது குறும்பியை உறிஞ்சி எடுத்து விடும் என்று அங்கே விற்கிறார்கள். 1996-ல் வைத்தியர்கள் இதைச் சோதித்ததில் அது எதையும் உறிஞ்சுவதில்லை என்றும், அதற்குப் பதிலாக உருகின மெழுகைக் காதுக்குள் விடுகிறது என்றும் வெளியாயிற்று. அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து இலாகாவும் 2010-ல் அதை உபயோகிக்க வேண்டாமென்று எச்சரித்தது. பாட்டி சொன்னாலும் சரி, பட்டணத்து விளம்பரம் சொன்னாலும் சரி, வெள்ளைக்காரன் சொன்னாலும் சரி, காரணமும் சோதனையும் இல்லாததை ஒப்புக் கொள்ளுவதற்கில்லை.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான சங்கதிக்கு வருவோம். நமக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் ஒரு நாள் காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்திருக்கக் கண்டார். வலி இல்லை, சீழ் இல்லை, இரைச்சல் மட்டும் இருந்தது. குறும்பிதான் என்று ஒரு வாரம் எண்ணெய் விட்டார். நீர்க்கோவை என்று ஒரு வாரம் ஆவி பிடித்தார். பிறகு வீட்டார் சொல்லைத் தட்ட மாட்டாமல் ஒரு கோவிலுக்குப் போய் வந்தார். ஒன்றரை மாதம் கழித்து வைத்தியரிடம் போனபோது, "காதில் அடைப்பு ஒன்றுமே இல்லை, கேட்கும் நரம்பு கெட்டிருக்கிறது, முதல் வாரத்திலேயே வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம்" என்றார். நண்பருக்கு அந்தக் காது இன்று வரை கேட்பதில்லை.

இப்படித் திடீரென்று வரும் செவிடு, அடைப்பைப் போலவே வேஷம் போட்டுக் கொண்டு வரும். இதற்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களுக்குள், தாமதித்தாலும் 2 வாரத்திற்குள், ஆரம்பித்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம். இதை ஒருவாறு அறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. வாயை மூடிக் கொண்டு "ம்ம்" என்று இழுத்துப் பாருங்கள். அடைத்த காதிலே சத்தம் பெரிதாய்க் கேட்டால் குறும்பியோ நடுச்செவி அடைப்போ இருக்கலாம். நல்ல காதிலே பெரிதாய்க் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இது ஓர் அடையாளமே தவிர முடிவான தீர்ப்பல்ல. எப்படியிருந்தாலும் திடீரென்று ஒரு காது கேளாமற் போனால் அன்றைக்கோ மறு நாளோ வைத்தியரைப் பார்த்து விட வேண்டும். சீழ், ரத்தம், காய்ச்சலோடு வலி, தலைசுற்றல், முகம் கோணுதல் ஆகிய எது இருந்தாலும் அப்படியே. பெரியவர்களுக்கு ஒரே காது வாரக் கணக்கில் அடைத்தே இருந்தால் மூக்கின் பின்புறத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அங்கே கட்டி இருந்தாலும் அப்படி அடைக்கும். மாவட்டத் தலைமை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காது மூக்குத் தொண்டைக்கென்று வைத்தியர்கள் இருக்கிறார்கள், காசும் கேட்பதில்லை.

காது கேளாமற் போனவனைப் பார்த்து, "முன் ஜன்மத்துக் கர்மம்" என்று சொல்லுகிறவர்களை ஒன்று கேட்கிறோம். கொதிக்கிற எண்ணெயை ஊற்றினது எந்த ஜன்மத்தில்? கம்பியை விட்டுக் குடைந்தது எந்த ஜன்மத்தில்? ஒன்றரை மாதம் வீணாய்ப் போக்கினது எந்த ஜன்மத்தில்? எல்லாம் இந்த ஜன்மத்தில், நம் கையாலேயே நடந்தவையல்லவா? அப்படியிருக்க இல்லாத ஜன்மத்தின் மேல் பழியைப் போடுவது, செய்த தப்பை மறுபடியும் செய்வதற்கு அனுமதி வாங்கிக் கொள்ளுவதேயாகும்.

ஆகையால் அடுத்த முறை யாராவது, "இதைக் காதில் விடு" என்று சொன்னால், விடுவதற்கு முன் "எதற்காக?" என்று ஒரு வார்த்தை கேட்கும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம். பதில் சொல்லத் தெரியாதவர் கையில் காதைக் கொடுக்க வேண்டாம்.