நட்சத்திரங்கள் கூடினால் குற்றமா?

நட்சத்திர ஆட்டக்காரர்கள் பலர் ஓரணியில் சேர்வது ஆட்டத்திற்கே கேடு என்பர் சிலர். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தை விடாமல் பார்க்கும் நம் மாணவ நண்பர்களிலும் அவ்வாறு பேசுவோர் உண்டு. அந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி அநீதி.

2010இல் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமி சென்றார். ஏற்கெனவே அங்கிருந்த டுவேன் வேடுடனும், டொராண்டோவிலிருந்து வந்த கிரிஸ் பாஷுடனும் சேர்ந்தார். மூவரும் தமக்குக் கிடைக்கக்கூடிய உச்ச ஊதியத்தைவிடக் குறைவாகவே ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஆயினும் என்ன? கிளீவ்லாந்து ரசிகர்கள் ஜேம்ஸின் பெயர் பொறித்த சட்டைகளைக் கொளுத்தினர், துரோகி என்றனர்.

2018இல் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். டொராண்டோவுக்காக ஒன்பது பருவங்கள் ஆடிய டிமார் டிரோசனைச் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்துவிட்டுக் கவாய் லெனார்டைப் பெற்றது அந்த அணியின் நிர்வாகம். மறு ஆண்டே கோப்பை கிடைத்தது. நிர்வாகத்தின் மதிநுட்பம் மெச்சப்பட்டது. முதலாளி மாற்றினால் மதிநுட்பம். ஆட்டக்காரன் மாறினால் துரோகமா? எங்கே உழைப்பது என்று முடிவு செய்யும் உரிமை உழைப்பவனுக்கு இல்லையா? அந்த உரிமை எளிதில் வந்ததன்று. ஆஸ்கர் ராபர்ட்சன் முதலானோர் 1970இல் வழக்குத் தொடுத்து, 1976இல் கண்ட உடன்பாட்டினால்தான் அதற்கு வழி பிறந்தது.

சரி, நட்சத்திரங்கள் கூடிவிட்டால் வெற்றி உறுதிதானா? 2004இல் ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் ஆகிய நால்வரைக் கொண்ட லேக்கர்ஸ் அணி, இறுதிப் போட்டியில் டெட்ராய்ட்டிடம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. மயாமியும் 2011இல் டல்லாஸிடம் தோற்றது. புரூக்லினில் டுரான்ட், இர்விங், ஹார்டன் மூவரும் சேர்ந்து ஆடிய ஆட்டங்கள் 16 மட்டுமே. கோப்பை கிட்டவே இல்லை. ஆட்டக்காரர் எத்தனை பேரானாலும் பந்து ஒன்றுதானே! டொராண்டோவில் கடைசிப் பருவத்தில் ஆட்டத்திற்கு 24 புள்ளிகள் எடுத்த பாஷ், மயாமியில் முதல் பருவத்தில் 19க்கும் கீழே இறங்கினார். தன் பங்கு குறைவதைப் பொறுத்துக்கொண்ட அந்த மனம்தான் 2012, 2013 கோப்பைகளுக்கு அடித்தளம்.

எதிர்ப்போர் பக்கம் உள்ள நியாயத்தையும் மறைக்க வேண்டாம். 2016இல் டுரான்ட் சேர்ந்த கோல்டன் ஸ்டேட், முந்திய பருவத்தில் 82 ஆட்டங்களில் 73ஐ வென்ற அணி. அவருடைய ஒக்லஹோமா அணியை வீழ்த்திய அணியும் அதுவே. 2017, 2018 இரு ஆண்டுகளும் கோப்பை அங்கேயே சென்றது. போட்டியின் சுவை குன்றியது உண்மை. ஆனால் அதற்கு வாயில் திறந்தது எது? தொலைக்காட்சிப் பணம் பெருகியதால், 7 கோடி டாலராக இருந்த ஊதிய வரம்பு ஒரே ஆண்டில் 9 கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. நட்சத்திரங்கள் நிறைந்த அணிக்கும் இன்னொருவரை வாங்க இடம் கிடைத்தது. குறை வரம்பை வகுத்த முறையில், வந்தவனிடம் அன்று.

2023 ஒப்பந்தம், அளவு மீறிச் செலவிடும் அணிகளுக்குக் கடுங்கட்டுப்பாடுகள் விதித்தது. அதுவே நேரிய வழி. போட்டி சமமாக வேண்டுமா? விதியைத் திருத்துங்கள். ஆட்டக்காரனின் காலில் விலங்கு பூட்டாதீர்கள்.