எச்சில் தீட்டும் பல் வைத்தியமும்

டிசம்பர் மாதம் 24-ந் தேதியை நமது வாசகர்கள் எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1973-ம் வருஷம் அன்றுதான் பெரியார் மறைந்தார். அதே தேதியை இந்திய நாட்டுப் பல் வைத்தியர்கள் வேறொரு காரணத்திற்காகத் தங்கள் நாளாகக் கொண்டாடி வருகிறார்கள். 1890-ம் வருஷம் அத்தேதியில் கிழக்கு வங்காளத்தில் பிறந்து, 1965-ல் காலமான டாக்டர் ரபியுதீன் அகமது என்பவருடைய பிறந்த நாள் அது. எழுபத்து நான்கு வருஷ வாழ்வில் அவர் செய்த காரியங்கள் பெரும்பாலும் கல்கத்தாவில் நடந்தவை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் அவருக்கும் நேரான சம்பந்தம் ஒன்றும் கிடையாது. என்றாலும் இக்கரையிலுள்ள மக்கள் அவசியம் அறிய வேண்டிய வாழ்வு அது என்பது நமது அபிப்பிராயம்.

காரணம் சொல்லுகிறோம். நமது நாட்டில் தீட்டு என்று பேர் வைக்கப்பட்டவற்றுள் எச்சில் தீட்டைப் போல வீட்டுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்து கொண்டது வேறொன்று இல்லை. ஒருவர் வாய் வைத்த செம்பில் மற்றொருவர் வாய் வைக்கலாகாது. தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். எச்சில் இலை எடுப்பதற்கென்று ஒரு கூட்டம் இருக்க வேண்டும். டீக்கடையில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைக்க வேண்டும். இவையெல்லாம் நோய் பரவாமலிருக்கப் பெரியோர்கள் செய்த ஏற்பாடு என்று சமாதானம் சொல்லும் பண்டிதர்களும் உண்டு. அப்படியானால் ஒரே பாத்திரத்து டீயை ஊற்றிக் கொடுக்கும் குவளைகளில் ஒன்றை மட்டும் வெளியே கூரையில் செருகி வைத்தது எந்தக் கிருமிக்குப் பயந்து என்று கேட்கின்றோம். இப்படிப்பட்ட தேசத்தில், வந்தவன் என்ன ஜாதி, என்ன மதம் என்று கேளாமல் அவன் வாயைத் திறக்கச் சொல்லி, எச்சிலும் இரத்தமும் சீழும் கலந்து கிடக்கும் இடத்தில் தன் விரலை விடுகிற ஒரு தொழில், மரியாதையுள்ள தொழிலாக எப்படி வளர்ந்திருக்க முடியும்?

பல் பிடுங்கும் வேலை இங்கே நெடுங்காலம் நாவிதர் கையில்தான் இருந்தது. கட்டி அறுத்ததும் அவர்களே. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊராருக்குப் பிரசவம் பார்த்தார்கள். அவர்களுக்கு மருத்துவர் என்று பேர் மட்டும் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு மேல் ஏறக்கூடாது என்று வைத்திருந்தோம். சுசுருதர் பேரால் வழங்கும் பழைய நூலில் பல் பிடுங்குவதற்கான கருவிகூடச் சொல்லப்பட்டிருக்கிறதே என்று சிலர் நம்மிடம் மல்லுக்கு வரலாம். இருப்பது உண்மைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே தேசத்து மனுதர்மம், வைத்தியன் வீட்டுச் சோற்றைச் சீழுக்குச் சமானமாகச் சொல்லுகிறது. சிராத்தத்தில் உட்காரத் தகாதவர்களில் ஒருவனாக அவனைத் தள்ளி வைக்கிறது. கருவியை ஏட்டில் எழுதி வைத்துவிட்டு, அதைப் பிடிக்கிற கையைத் தீட்டாக்கினால் வித்தை எங்கே வளரும்?

அது வளராத இடத்தில் மந்திரக்காரன் வளர்ந்தான். சொத்தைப் பல்லில் புழு இருக்கிறதாம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகையைப் பிடித்தால் அது கீழே விழுமாம். இதில் நம்மவர் மட்டும்தான் ஏமாந்தார்கள் என்று சொல்லமாட்டோம். ஐரோப்பியரும் வேறொரு செடியின் விதையைக் கொண்டு இதே வித்தையை நடத்தினார்கள். சூட்டில் வெடித்த விதைக்குள்ளிருந்து வெளிவரும் முளையே புழு என்று காட்டப்பட்டது. ஆனால் அங்கே 1728-ல் பியர் போஷார் என்ற பிரெஞ்சு வைத்தியர், தாம் பார்த்த பற்களில் அப்படி ஒரு புழுவையும் காணவில்லை என்று எழுதத் துணிந்தார். 1890-ல் மில்லர் என்பவர், வாயிலுள்ள நுண்கிருமிகள் மாவுப் பண்டத்தையும் சர்க்கரையையும் புளிக்க வைத்து உண்டாக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது என்று காட்டினார். 1840-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் பல் வைத்தியத்திற்கென்றே ஒரு கல்லூரி ஏற்பட்டுவிட்டது. இந்தியாவில் அப்படியொன்று ஏற்பட அதற்குமேல் எண்பது வருஷம் ஆயிற்று.

மந்திரம் என்றதும் இந்தக் கடற்கரைக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. முத்துச் சலாபம் நடந்த காலத்தில் சுறா மீனின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று ஓர் ஆள் உண்டு. கடல் கட்டி என்று அவருக்குப் பேர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, இப்படி மீனைக் கட்டுகிறவர்கள் பிராமணர்கள் என்றும், கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போயிற்று என்றும் எழுதியிருக்கிறார். பகலில் கட்டி இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். பிற்காலத்தில் கரையோர ஜனங்கள் கிறிஸ்தவர்களான பிறகும் அந்த உத்தியோகம் ஒழியவில்லை. ஆங்கிலேய அதிகாரிகள் தாங்கள் இதை நம்பாவிட்டாலும், கடல் கட்டி இல்லாமல் குளியாளிகள் இறங்க மறுத்தபடியால் அவரையும் ஒரு செலவாகக் கணக்கில் சேர்த்துக் கொண்டார்கள். மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கிச் சிப்பி அள்ளியவன் குளியாளி. கரையில் நின்று முணுமுணுத்துப் பங்கு வாங்கியவர் வேறொருவர். 1961-ம் வருஷத்தோடு இக்கடலில் முத்துச் சலாபமே நின்றுபோயிற்று. சுறாவின் பல்லுக்கு ஆள் வைத்துக் காவல் செய்த கரையில், மனிதன் பல்லுக்கு வைத்தியன் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் எத்தனை நூற்றாண்டு போயிற்று பாருங்கள்!

நிற்க. அகமது அவர்கள் அலிகாரில் படித்துவிட்டு, தகப்பனார் இறந்தபின் அமெரிக்கா சென்றார். 1915-ல் அயோவா சர்வகலாசாலையில் பல் வைத்தியப் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரத்தில் குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட போர்சைத் பல் ஆஸ்பத்திரியில் 1918 வரை வேலை பார்த்தார். அந்தப் படிப்பையும் பழக்கத்தையும் வைத்துக்கொண்டு ராஜாக்களுக்கும் வெள்ளைக்கார துரைமார்களுக்கும் பொற்பல் கட்டியே அவர் பெரும் பணக்காரராகியிருக்கலாம். அவரோ 1919-ல் திரும்பி வந்து, மறுவருஷமே கல்கத்தாவில் பல் வைத்தியக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது.

அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? சர்க்கார் கொடுக்கவில்லை. கும்பாபிஷேகத்திற்கும் தேர்த் திருப்பணிக்கும் வாரிக்கொடுக்கும் தனவந்தர்களுக்கு, பல்லைப் பற்றிப் படிக்க ஒரு கல்லூரி வேண்டும் என்று சொன்னால் சிரிப்புத்தான் வந்திருக்கும். ஆகவே அவர் கல்கத்தாவில் சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கும் கடை ஒன்று வைத்தார். நியூயார்க் சோடா பவுன்டன் என்று அதற்குப் பேர். அதன் வரும்படியைக் கொண்டுதான் கல்லூரி ஆரம்பத்தில் நடந்தது. தித்திப்பைத் தின்று பல்லைக் கெடுத்துக்கொள்ளுகிறவர்கள் கொடுத்த காசு பல்லைக் காக்கிற படிப்புக்குப் போயிற்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் கடை வைத்து வியாபாரம் செய்வதைக் கௌரவக் குறைவாக நினையாததை நாம் வேடிக்கையாக எண்ணவில்லை. தொழிலில் உயர்வு தாழ்வு பார்க்கிற புத்தி அவருக்கு இருந்திருந்தால் கடையும் இல்லை, கல்லூரியும் இல்லை.

முதல் சில வருஷங்களில் படிக்க வந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரிலும் ஒரு பெண் இருந்தார் என்பதை நாம் விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறோம். பாத்திமா ஜின்னா அம்மையார் அக்கல்லூரியில் படித்து, 1923-ல் பம்பாயில் பல் வைத்தியசாலை திறந்தார். அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் இருக்கட்டும். பெண்கள் முகத்தைக்கூட வெளியே காட்டக்கூடாது என்று மார்க்கத்தின் பேரால் சொல்லப்பட்ட காலத்தில், ஒரு பெண் கையில் குறடு எடுத்துக்கொண்டு அந்நியர் வாயைத் திறந்து பார்த்தாள் என்றால் அது ஆயிரம் மேடைப் பிரசங்கங்களுக்குச் சமானம் அல்லவா?

அகமது அவர்கள் கல்லூரியோடு நிற்கவில்லை. 1925-ல் வங்காளத்துப் பல் வைத்தியர்களுக்கு ஒரு சங்கம் ஏற்படுத்தினார். தொழிலுக்கென்று ஒரு பத்திரிகை நடத்தினார். 1928-ல் மாணவர்களுக்காகப் பாடப்புத்தகம் எழுதினார். கல்கத்தா நகரசபையிலும் அங்கத்தினராக இருந்து ஊழியம் செய்தார். யார் வேண்டுமானாலும் குறடு வாங்கிக்கொண்டு பலகை மாட்டிவிடலாம் என்றிருந்த நிலைமையை மாற்ற வங்காளத்தில் 1939-ல் ஒரு சட்டம் வந்தது. 1948-ல் இந்தியா முழுமைக்கும் பல் வைத்தியர் சட்டம் வந்தது. அதில் ஒரு நியாயமும் இருந்தது. பட்டமில்லாமலே வருஷக்கணக்காக இதையே ஜீவனமாக நடத்தி வந்தவர்களையும் ஒரேயடியாகத் தெருவில் தள்ளிவிடாமல், தனிப் பகுதியாகப் பதிவு செய்துகொள்ள இடம் வைத்திருந்தார்கள். அச்சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் பார்லிமெண்டு வேறு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அது எப்படி இருக்கும் என்பதை நடத்துகிறவர்களைக் கொண்டுதான் சொல்ல முடியும்.

1949-ம் வருஷம் அவர் செய்ததுதான் நம்மை இவ்வளவு எழுத வைத்தது. சோடாக்கடைக் காசில் தொடங்கி, முப்பது வருஷம் பாடுபட்டு வளர்த்த கல்லூரியையும் ஆஸ்பத்திரியையும் அவர் மேற்கு வங்காள சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டார். மகனுக்கு எழுதி வைக்கவில்லை. டிரஸ்டு என்று பேர் வைத்துக் குடும்பத்தைத் தர்மகர்த்தாவாக்கவில்லை. அடுத்த வருஷம் டாக்டர் பி. சி. ராய் அவர்களின் மந்திரிசபையில் சேர்ந்து, 1962 வரை விவசாயம், கூட்டுறவு முதலிய இலாக்காக்களைப் பார்த்தார். தேசம் மதத்தின் பேரால் இரண்டாக வெட்டப்பட்டு, தாம் பிறந்த மண் பாகிஸ்தானாகப் போய்விட்ட பிறகும், அவர் தமது ஆஸ்பத்திரி இருந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1964-ல் சர்க்கார் பத்மபூஷண் பட்டம் கொடுத்தது. பட்டங்களைப் பற்றி நமக்குப் பெரிய மதிப்புக் கிடையாது. கல்லூரி இன்றும் அவர் பேராலேயே நடக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

இன்று இந்தியாவில் பல் வைத்தியக் கல்லூரிகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார் நடத்துபவை. அகமது அவர்கள் கடை வைத்துக் கல்லூரி நடத்தினார். இப்போது சிலர் கல்லூரியையே கடையாக வைத்து நடத்துகிறார்கள். பெருந்தொகை கொடுத்துப் படித்து வெளியே வருகிற பிள்ளை பட்டணத்தில் வாடகைக்கு இடம் தேடுவானா, மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் வருவானா? அந்தப் பிள்ளையை மட்டும் குறை கூறி என்ன பயன்!

ஆனால் வரவேண்டிய அவசியம் இருக்கிறது. துறைமுகத்திலே மூட்டை சுமக்கிறவர்களும், உப்பளத்தில் வெயிலில் நிற்கிற பெண்களும், இரவெல்லாம் கடலில் கிடக்கிறவர்களும் பசிக்கும் களைப்புக்கும் மருந்தாகப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளுகிறார்கள். தாம்பூலம் மங்கலம் என்று கலியாணம் முதல் காது குத்து வரை வைதீகம் தட்டில் வைத்து நீட்டுகிறது. புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பாக்குப் போட்டு மெல்லும் வெற்றிலை வாயில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் அறிவித்துவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. ஆனால் முற்றிய பிறகு அங்கே போய்ப் படுப்பதைவிட, கன்னத்தில் வெள்ளைத் திட்டாகவோ ஆறாத புண்ணாகவோ இருக்கும்போதே கண்டுபிடிப்பதுதான் சுலபம். அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் பல் வைத்தியர்.

ஆகவே தூத்துக்குடியிலுள்ள பல் வைத்தியத் தோழர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு விளக்கும் ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு திரேஸ்புரத்திலோ, புன்னைக்காயலிலோ, ஆறுமுகநேரி உப்பளத்து ஓரத்திலோ வந்து உட்காருங்கள். பெஞ்சியும் தண்ணீரும் ஊர் வாலிபர் சங்கங்கள் கொடுக்கட்டும். அன்று கூட்டம் சேர்ப்பதும், இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண்ணுள்ளவரைக் கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் நமது இயக்கத் தோழர்கள் வேலை.